நடக்காத ஆட்டங்கள் பிறந்த கதை

1919 ஜூலை. விம்பிள்டன் போட்டிகள் அப்போது நடந்துவந்த வோர்ப்பிள் ரோடு மைதானத்தில், பெண்கள் ஒற்றையர் பட்டத்துக்காக இருவர் இறங்கினார்கள். டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸுக்கு வயது 40. ஏழு முறை பட்டம் வென்றவர். காலை மறைக்கும் நீண்ட பாவாடை, மணிக்கட்டு வரை மூடிய சட்டை. எதிரே நின்ற பிரெஞ்சுப் பெண் சூசான் லெங்லெனுக்கு வயது 20. கெண்டைக்காலோடு நின்றுவிடும் கவுன், குட்டைக் கை. அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள்.

இந்த இருவரும் சந்தித்ததற்குக் காரணம் ஒரு பழைய விதி. அந்நாளில் முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஆரம்பச் சுற்றுகளில் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாரும் மோதி ஒருவர் மிஞ்சுவார். அவரோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். லாம்பர்ட் சேம்பர்ஸ் கடைசியாக வென்றது 1914இல். அதற்குப் பிறகு உலகப்போர்; நான்கு ஆண்டுகள் விம்பிள்டனே நடக்கவில்லை. ஆக ஐந்து ஆண்டுகள் பட்டத்தோடு காத்திருந்த ஒருவர், போருக்குப் பின் வளர்ந்து வந்த தலைமுறையின் முதல் ஆளை எதிர்கொண்டார்.

லெங்லென் 10-8, 4-6, 9-7 என்று வென்றார். மூன்றாவது செட்டில் 6-5, 40-15 என்ற நிலையில் லாம்பர்ட் சேம்பர்ஸுக்கு இரண்டு மேட்ச் பாயின்ட்கள் இருந்தன. அதில் ஒன்றை லெங்லென் காப்பாற்றியது மட்டையின் மரச்சட்டத்தில் பட்டு வலைக்கு மேல் தப்பிப் போன ஒரு பந்தால். 40 வயதுக்காரருக்கும் 20 வயதுக்காரருக்கும் இடையே இருந்த தூரம் அந்த மரச்சட்டத்தின் அகலம்தான். மறு ஆண்டு லாம்பர்ட் சேம்பர்ஸ் எல்லாச் சுற்றுகளையும் ஆடி மீண்டும் லெங்லெனிடம் வந்து சேர்ந்தார். அந்த முறை 6-3, 6-0. இரண்டாவது ஆட்டம் முதலாவதன் மர்மத்தைத் தீர்த்துவிட்டது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 41 வயதில் தோற்றவரை வைத்து, 1906இல் அவர் எப்படி ஆடியிருப்பார் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள். பில் டில்டனும் பீட் சாம்ப்ராஸும், ஹெலன் வில்ஸும் செரீனா வில்லியம்ஸும், ராட் லேவரும் நோவாக் ஜோக்கோவிச்சும் என்று, நடக்க வழியே இல்லாத ஆட்டங்களை டென்னிஸ் ரசிகர்கள் மனதுக்குள் ஆடிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டிப் பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். இந்தக் கற்பனை தானாக முளைக்கவில்லை. நடந்திருக்க வேண்டிய ஆட்டங்களைப் போரும், நோயும், எல்லாவற்றையும் விட அதிகமாக டென்னிஸை நடத்தியவர்களின் விதிகளும் தடுத்தன. தடுக்கப்பட்டதை ரசிகர்கள் தாங்களே நடத்திக்கொண்டார்கள்.

அப்படி முதன்முதலாகப் பெரிய அளவில் ஏங்க வைத்த ஜோடி எது என்று கேட்டால், என் பதில் லெங்லெனும் ஹெலன் வில்ஸும்.

1926 பிப்ரவரி 16. பிரான்ஸின் தென்கடற்கரை நகரமான கான், கார்ல்டன் கிளப். லெங்லெனுக்கு 26 வயது. விம்பிள்டனை ஆறு முறை வென்றிருந்தார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த வில்ஸுக்கு 20. அமெரிக்கப் பட்டத்தை மூன்று முறை வென்றிருந்தார். ஒருவரையொருவர் ஒற்றையரில் பார்த்ததே இல்லை. மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள் சுற்றியிருந்த வீட்டுக் கூரைகளிலும் மரங்களிலும் ஏறிக்கொண்டார்கள். லெங்லென் நடனக்காரியைப் போலப் பாய்ந்து பாய்ந்து ஆடுபவர். கோர்ட்டின் எந்த மூலைக்கும் பந்தை அனுப்பும் துல்லியம் அவருடையது. வில்ஸ் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், நின்ற இடத்திலிருந்து பலமாக அடிப்பவர். பத்திரிகைகள் பல வாரங்களாகவே இந்தச் சந்திப்பைப் பற்றி எழுதிக் குவித்திருந்தன.

முதல் செட் லெங்லெனுக்கு, 6-3. இரண்டாவது செட்டில் 6-5, 40-15 என்று அவருக்கு மேட்ச் பாயின்ட் வந்தது. வில்ஸ் மூலைக்கு ஓங்கி அடித்தார். ‘அவுட்’ என்று ஒரு குரல் கேட்டது. லெங்லென் வலையருகே வந்து கை குலுக்கினார், பூங்கொத்துகள் வந்தன, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. அப்போதுதான் கோட்டு நடுவர் முன்னே வந்து, அந்தக் குரல் தன்னுடையது அல்ல, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். பார்வையாளர்களில் யாரோ கத்தியிருக்கிறார்கள். கூட்டத்தை விலக்கி ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். வென்றுவிட்டதாக நினைத்துத் தளர்ந்த உடம்பை லெங்லென் திரும்ப முறுக்கேற்ற வேண்டியிருந்தது. வில்ஸ் அந்த கேமை எடுத்து 6-6 ஆக்கினார். ஆனாலும் லெங்லென் விடவில்லை. 8-6 என்று முடித்தார்.

தோற்ற பெண்ணுக்கு இருபது வயது. அவர் இன்னும் வளர்வார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கோடையில் பாரிஸிலும் விம்பிள்டனிலும் இருவரும் மறுபடி மோதுவார்கள் என்று காத்திருந்தார்கள். பாரிஸில் வில்ஸுக்குக் குடல்வால் அழற்சி, அறுவைச் சிகிச்சை. அந்தக் கோடை அவருக்குப் போனது. விம்பிள்டனில் ஆட்ட நேரத்தைப் பற்றி எழுந்த குழப்பத்தில் லெங்லென் தாமதமாக வந்தார். அரசி மேரி காத்திருக்க நேர்ந்தது. கூட்டமும் பத்திரிகைகளும் லெங்லென் மீது பாய்ந்தன. அவர் போட்டியிலிருந்து விலகினார். அதே ஆண்டு சி. சி. பைல் என்ற அமெரிக்க ஏற்பாட்டாளரிடம் ஒப்பந்தம் போட்டு, பணத்துக்கு ஆடும் தொழில்முறை வீராங்கனையானார்.

பணத்துக்கு ஆடுபவர்களுக்கு அன்று விம்பிள்டனில் இடமில்லை. பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலியப் பட்டங்களிலும் இல்லை. அந்த ஒரு கையெழுத்தோடு லெங்லென்–வில்ஸ் போட்டி செத்துப்போனது.

வில்ஸ் 1927இல் விம்பிள்டனை வென்றார். பிறகு 28, 29, 30, 32, 33, 35, 38 என்று எட்டு முறை. 1927 விம்பிள்டனுக்குப் பிறகு 1932 வரை எந்த ஒற்றையர் ஆட்டத்திலும் ஒரு செட்கூட இழக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் ஒவ்வொரு முறை கோப்பையைத் தூக்கியபோதும் பார்த்தவர்கள் மனதில் ஒரு கேள்வி நின்றது: சூசான் இருந்திருந்தால்? கானில் நடந்தது லெங்லெனின் உச்சமும் வில்ஸின் தொடக்கமும். 1929இன் வில்ஸை 1925இன் லெங்லெனோடு நிறுத்திப் பார்க்க மனிதர்களுக்கு இருந்த ஒரே மைதானம் அவரவர் மனம்தான். வில்ஸ் எட்டாவது விம்பிள்டனை வென்றது 1938 ஜூலை 2ஆம் தேதி. ஜூலை 4ஆம் தேதி லெங்லென் பாரிஸில் இறந்தார். வயது 39.

ஆண்கள் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. அங்கே அந்தத் தடுப்புச்சுவர் ஓர் ஆட்டத்தை மட்டும் அல்ல, நாற்பது ஆண்டு டென்னிஸையே இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் அமெச்சூர்கள். அவர்களுக்குக் கோப்பையும் பெயரும். மறுபக்கம் தொழில்முறையாளர்கள், அவர்களுக்கு ஊர் ஊராகச் சுற்றும் பயணமும் டிக்கெட் வசூலில் பங்கும். அமெச்சூர் பக்கம் ஒருவன் சாம்பியன் ஆனதும் தொழில்முறை ஏற்பாட்டாளர்கள் அவனைப் பணம் கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். அவன் விட்டுப்போன இடத்தில் இன்னொருவன் சாம்பியன் ஆவான். அப்படிப் புதிதாக வந்தவன் போனவனை விடச் சிறந்தவனா? பதில் சொல்ல வழியில்லாமல் ஆண்டுக்கு ஒரு கேள்வி பிறந்துகொண்டே இருந்தது.

ஆனால் இதே சுவர், எதிர்பாராத ஒரு நன்மையும் செய்தது. தொழில்முறைப் பயணங்களில் வயதானவர்களும் பிழைப்புக்காகத் தொடர்ந்து ஆடினார்கள். அதனால் வெவ்வேறு காலத்துக்காரர்கள் உண்மையாகவே மோதினார்கள். 1920களின் மன்னனான பில் டில்டன் 1930 முடிவில் தொழில்முறைக்கு வந்தார். 1934 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், 14,000க்கும் அதிகமானவர்கள் முன்னிலையில், அவரை எதிர்த்து நின்றவர் எல்ஸ்வொர்த் வைன்ஸ். வைன்ஸுக்கு 22 வயது. விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றிருந்தவர். அவருடைய சர்வ் இடி என்று பெயர் பெற்றது. டில்டனுக்கு 41 ஆக ஒரு மாதம் பாக்கி. அன்று டில்டன் நேர் செட்களில் வென்றார். தொடர்ந்து நடந்த நீண்ட பயணத்தில் வைன்ஸ்தான் அதிக ஆட்டங்களை வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1941இல் டில்டன் 48 வயதில் டான் பட்ஜோடு பயணம் போனார். பட்ஜ் 1938இல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதர். அந்தப் பயணத்தில் டில்டன் பெரும்பாலும் தோற்றார்; ஆனால் எல்லா நாளும் அல்ல.

இந்தச் சுவர் எவ்வளவு பெரிய பொய்யைக் காத்துவந்தது என்பதற்கு 1963 ஜனவரியே போதும். முந்தைய ஆண்டு ராட் லேவர் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றிருந்தார். உலகின் முதல் வீரர் என்று எல்லாரும் அவரைச் சொன்னார்கள். தொழில்முறைக்கு வந்த லேவரை லூ ஹோடும் கென் ரோஸ்வாலும் அடுத்தடுத்து வீழ்த்தினார்கள். இவர்கள் பல ஆண்டுகளாக விம்பிள்டன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள். அதாவது கோப்பை வைத்திருந்தவர் ஒருவர், சிறந்தவர்கள் வேறு சிலர். லேவர் சில மாதங்கள் அடி வாங்கித்தான் கற்றார்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தச் சுவரின் அருகே வந்து நின்றிருக்கிறார். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1959 டேவிஸ் கோப்பையில் லேவரை வென்றார். 1960, 61 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். இரண்டாவது முறை அவரை நிறுத்தியது அதே லேவர். ஜாக் கிரேமர் தன்னுடைய தொழில்முறைக் குழுவில் சேரச் சொல்லி அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்தார். சேர்ந்திருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆட முடியாமல் போயிருக்கும். 1966இல் அவர் துணையோடு இந்தியா இறுதி ஆட்டம் வரை போன கதையும் இருந்திருக்காது. ஆனால் மென்மையான சர்வும் நுட்பமான கையும் கொண்ட அந்த ஆட்டக்காரர், ரோஸ்வாலோடு வாரா வாரம் ஆடியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சுவரால் மிகவும் பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் நான் பாஞ்சோ கொன்சாலஸைச் சொல்வேன். லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சியாளர் துணை பெரிதாக இல்லாமல் தானே கற்றவர். 1948, 49இல் அமெரிக்கப் பட்டத்தை வென்று, 21 வயதில் தொழில்முறைக்குப் போனார். 1968 வரை விம்பிள்டன் அவருக்கு மூடியிருந்தது. ஒரு வீரனின் வாழ்க்கையில் இருபதிலிருந்து நாற்பது வரை என்பது முழு ஆயுள். 1950களில் தொழில்முறை உலகில் அவரை வெல்ல ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. அந்த ஆண்டுகளின் விம்பிள்டன் பட்டியலைப் பார்த்தால் அவர் பெயர் ஒரு வரியிலும் கிடையாது.

சுவர் இடிந்த கதை சுருக்கமானது. 1967 ஆகஸ்டில் விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில், வண்ணத் தொலைக்காட்சியின் வருகையை ஒட்டி பிபிசி ஆதரவில், எட்டுத் தொழில்முறை வீரர்களின் போட்டி நடந்தது. லேவர் ரோஸ்வாலை வென்றார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் இரு தரப்பும் சேர்ந்து ஆடிய முதல் போட்டி. அங்கே கொன்சாலஸ் தோற்றது மார்க் காக்ஸ் என்ற அமெச்சூரிடம். நாற்பது ஆண்டுகளாகக் கற்பனையில் மட்டுமே நடந்துவந்த அமெச்சூர்–தொழில்முறை மோதல், முதல் வாரத்திலேயே யாரும் எதிர்பாராத விடை ஒன்றைக் கொடுத்தது.

ஆனாலும் கொன்சாலஸ் அங்கே முடிந்துவிடவில்லை. 1969 விம்பிள்டனில் 41 வயதில், தன்னைவிடப் பதினைந்து வயதுக்கும் மேல் இளையவரான சார்லி பாசரலை 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என்று வென்றார். ஐந்து மணி 12 நிமிடம், இரண்டு நாள். இருட்டத் தொடங்கியும் ஆட்டத்தை நிறுத்தவில்லையே என்று முதல் நாள் மாலை கோபத்தோடு வெளியேறி, மறுநாள் வந்து ஏழு மேட்ச் பாயின்ட்களைக் காப்பாற்றினார். 1970 ஜனவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வென்றவருக்கு 10,000 டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற ஆட்டம். எதிரே லேவர், நான்கு பெரிய பட்டங்களையும் இரண்டாவது முறையாக ஒரே ஆண்டில் வென்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கொன்சாலஸ் ஐந்து செட்களில் வென்றார். 1971இல் 43 வயதில் லாஸ் ஏஞ்சலஸில் 19 வயது ஜிம்மி கானர்ஸையும் வென்றார்.

இங்கே நின்று ஒரு சங்கிலியைப் பார்க்க ஆசைப்படுகிறேன். 1893இல் பிறந்த டில்டன், பட்ஜோடு ஆடினார். பட்ஜ் கொன்சாலஸோடு ஆடினார். கொன்சாலஸ் கானர்ஸோடு. கானர்ஸ் ஆந்த்ரே அகாஸியோடு. அகாஸி ரோஜர் ஃபெடரரோடு. ஃபெடரர், 1987இல் பிறந்த ஜோக்கோவிச்சோடு. ஆறே கைகுலுக்கல்கள். சென்னையின் விஜய் அமிர்தராஜும் இப்படியொரு கண்ணிதான்: 1973 அமெரிக்க ஓப்பனில் 19 வயதில் 35 வயது லேவரை ஐந்து செட்களில் வென்றார்; மறு ஆண்டு அதே இடத்தில் தன்னைவிட இளையவரான பியோன் போர்க்கையும் வென்றார். காலங்கள் தனித்தனிப் பெட்டிகள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே கூடாது என்பவர்களிடம் நான் இந்தச் சங்கிலியைத்தான் காட்டுவேன். காலங்கள் மைதானத்தில் உரசிக்கொண்டேதான் வந்திருக்கின்றன.

கொன்சாலஸ் லேவரை வென்ற அதே மாதம், குத்துச்சண்டை உலகில் வேறொரு கற்பனை ஆட்டம் திரைக்கு வந்தது. முர்ரே வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், ஓய்வு பெற்றிருந்த ராக்கி மார்சியானோவையும் முகமது அலியையும் நேரில் மோத வைத்துப் படம் பிடித்தார். முடிவைத் தீர்மானித்தது கணினி என்றார்கள். படம் வெளியாகும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். கணினி அவரையே வெற்றியாளர் ஆக்கியிருந்தது. காலம் கடந்த மோதலுக்குக் கணினியிடம் தீர்ப்புக் கேட்கும் பழக்கம் அங்கிருந்து பரவியது. டென்னிஸில் 1973 ஆகஸ்டில் கணினித் தரவரிசை வந்தது. முதல் இடம் இலீ நஸ்டாசேவுக்கு. 2011இல் ஃபிலிப்போ ராடிக்கி என்ற ஆய்வாளர், 1968 முதல் 2010 வரை நடந்த ஆட்டங்களை யார் யாரை வென்றார் என்ற வலைப்பின்னலாக்கிக் கணக்கிட்டார். நான் மேலே சொன்ன சங்கிலியை லட்சக்கணக்கில் பெருக்கியது போன்ற வேலை அது. முதலிடத்தில் வந்தவர் கானர்ஸ். நீண்ட காலம் ஆடியவர், பல தலைமுறைகளை வென்றவர் என்பதால் வலையின் இழைகள் அவர் வழியாகவே அதிகம் ஓடின. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களின் வரலாறு முடியாதிருந்ததும் ஒரு காரணம்.

கணக்குகளால் தொட முடியாத ஒன்று உண்டு. அது மட்டை. 1970களின் நடுப்பகுதி வரை மட்டை என்றால் பெரும்பாலும் மரம். 1976இல் ஹோவர்ட் ஹெட் பெரிய முகம் கொண்ட பிரின்ஸ் மட்டையைக் கொண்டுவந்தார். பிறகு கிராஃபைட். விம்பிள்டன் ஆண்கள் பட்டத்தை மரமட்டையால் கடைசியாக வென்றவர் ஜான் மெக்கன்ரோ, 1981இல். 1997இல் குஸ்தாவோ குவேர்ட்டன் பிரெஞ்சு ஓப்பனை பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையால் வென்ற பிறகு, பழைய விலங்குக் குடல் நரம்பின் காலமும் போகத் தொடங்கியது. பாலியெஸ்டர் நரம்பு பந்து படும்போது நகர்ந்து உடனே தன் இடத்துக்குத் திரும்பும். அதனால் பந்து கடுமையாகச் சுழலும். முழு வேகத்தில் வீசினாலும் கோட்டுக்குள் விழும். மரமட்டையில் அந்த வீச்சை வீசினால் பந்து வேலிக்குப் போகும். விம்பிள்டன் புல்லும் 2001இல் மாறியது. முழுக்க ரைகிராஸ் விதைத்தார்கள். பந்து முன்பைவிட நன்றாக எழும்பியது. வலைக்கு ஓடி வாலி அடிப்பவர்களின் ராஜ்யம் பின்கோட்டில் நின்று அடிப்பவர்களுக்குக் கைமாறியது.

காலம் கடந்த மோதலை உடம்பால் நடத்திப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பதினொரு பெரிய பட்டங்களை வென்று 26 வயதில் ஓய்வு அறிவித்த பியோன் போர்க், 1991 ஏப்ரலில் மான்டே கார்லோவுக்குத் திரும்பி வந்தார். வயது 34. கையில் மரமட்டை. மூன்று முறை அவரே பட்டம் வென்ற களிமண் தரை. எதிரே கிராஃபைட் மட்டையோடு ஸ்பெயினின் ஜோர்டி அரேசே. 6-2, 6-3 என்று அரேசே வென்றார். இதை ஒரு வேடிக்கையாகப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தரும் ஆட்டம், மிக முக்கியமான ஆட்டமும்கூட. அங்கே தோற்றது போர்க்கா, மரமா, ஆடாமல் கழிந்த ஆண்டுகளா? மூன்றையும் பிரிக்க யாராலும் முடியாது. பிறகு போர்க் கிராஃபைட்டுக்கு மாறியும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஆகவே பழியை மரத்தின் மீது மட்டும் போட முடியாது.

இப்போதெல்லாம் இந்தக் கேள்வியை ஒரே எண்ணால் முடித்துவிடுகிறார்கள். ஜோக்கோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20. எண்ணிக்கை பெரியவரே பெரியவர். இந்த வழக்கம் பழையது அல்ல. 2000இல் சாம்ப்ராஸ் தன் பதின்மூன்றாவது பெரிய பட்டத்தை வென்று ராய் எமர்சனின் பன்னிரண்டைத் தாண்டியபோதுதான் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய மவுசு வந்தது. எமர்சனின் பன்னிரண்டில் பத்து, 1963 முதல் 67 வரை வந்தவை. அந்த ஐந்து ஆண்டுகளில் லேவர், ரோஸ்வால், கொன்சாலஸ் யாருக்கும் அங்கே நுழைய அனுமதி இல்லை. எமர்சன் நல்ல வீரர். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து அவரை லேவருக்கு மேலே நிறுத்துவது அநியாயம். லேவர் தவறவிட்ட பெரிய போட்டிகள் 21. ரோஸ்வால் தவறவிட்டவை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஹெலன் வில்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. கப்பலில் வாரக்கணக்கான பயணம். போர்க் அங்கே ஒரே ஒரு முறை ஆடினார். நான்கும் சமம் என்ற எண்ணமே அவர்கள் காலத்தில் இல்லை. இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று வரப்போவதே தெரியாமல் ஆடியவர்களை அளக்கிறோம்.

அதனால்தான் கற்பனை ஆட்டத்தை எண்ணிக்கையைவிட நேர்மையானது என்கிறேன். கற்பனை செய்பவர் தரை எது, மட்டை எது, பந்து எது, எந்த வயது என்று கேட்டே ஆகவேண்டும். எண்ணிக்கை எதையும் கேட்பதில்லை. ஜாக் கிரேமர் 1979இல் வெளியான தன் நூலில், நிலையான ஆட்டத்துக்கு பட்ஜ், உச்சத்தில் இருக்கும் ஒரு நாளுக்கு வைன்ஸ் என்று தீர்ப்புச் சொன்னார். வைன்ஸின் பெரிய பட்டங்கள் மூன்றுதான். ஆனால் கிரேமர் வலையின் மறுபக்கம் நின்று பார்த்தவர்.

2001 விம்பிள்டனில் 19 வயது ஃபெடரர், ஏழு முறை சாம்பியனான சாம்ப்ராஸை நான்காவது சுற்றில் ஐந்து செட்களில் வென்றார். அதிகாரப்பூர்வமாக இருவரும் ஆடியது அந்த ஒன்றே. 2007 நவம்பரில், ஓய்வு பெற்று ஐந்தாண்டான சாம்ப்ராஸ் சியோலிலும் கோலாலம்பூரிலும் மக்காவுவிலும் ஃபெடரரோடு காட்சி ஆட்டங்கள் ஆடினார். மூன்றாவதை அவர் வென்றார். அடுத்த மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிரம்பி வழிந்தது. மூன்றாவது செட் டை-பிரேக்கில் ஃபெடரர் வென்றார். அதே 2007இல் மயோர்காவில் பாதி புல், பாதி களிமண் என்று ஒரு கோர்ட்டே கட்டினார்கள். புல்லில் 48 ஆட்டங்களாகத் தோற்காத ஃபெடரர் ஒருபுறம், களிமண்ணில் 72 ஆட்டங்களாகத் தோற்காத நடால் மறுபுறம். நட்ட புல்லைப் புழு அரித்ததால் கடைசி நேரத்தில் புதுப்புல் கொண்டுவந்து போட்டார்கள். நடால் 7-5, 4-6, 7-6 என்று வென்றார். ஒவ்வொரு பக்க மாற்றத்திலும் இருவரும் காலணியை மாற்றினார்கள். கற்பனையை மண்ணில் இறக்க மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

என் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1969இன் லேவர், 2015இன் ஜோக்கோவிச். 1969இன் விம்பிள்டன் புல், மரமட்டை, வெள்ளைப் பந்து என்றால் நான்கு செட்களில் லேவர். தாழ்ந்து வழுக்கும் அந்தப் பந்துக்கு ஜோக்கோவிச்சின் இரட்டைக் கைப் பின்னடி எவ்வளவு குனிய முடியும்? 2015இன் மெல்போர்ன் தரை, இன்றைய நரம்பு என்றால் நேர் செட்களில் ஜோக்கோவிச். 173 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் இரண்டாவது சர்வை அவர் விட்டுவைக்கமாட்டார். மூன்றாவது ஆட்டம்தான் எனக்கு வேண்டியது. இருவருக்கும் மற்றவரின் மட்டையோடு ஆறு மாதப் பயிற்சி கொடுக்க வேண்டும். பிறகு இருவருக்கும் அன்னியமான ஒரு தரை, உள்ளரங்கில் பலகை மீது விரித்த கித்தான். தொழில்முறைப் பயணங்களில் லேவர் அப்படிப்பட்ட தரைகளில் இரவுக்கு ஓர் ஊராக ஆடியவர்; மாலையில் வந்து இறங்கி, பந்து எப்படி எழும்பும் என்று முதல் இரண்டு கேமில் கற்றுக்கொண்டு, மூன்றாவதிலிருந்து வெல்லப் பழகியவர். அந்த ஒரு பழக்கத்துக்காக, ஐந்தாவது செட்டில் என் வாக்கு லேவருக்கு.